ரீச்சர் இருக்கச் சொல்லவில்லை

பத்மாவதி ரீச்சரைக் கனத்தை மயானத்தில் தகனம் செய்த அன்று பின்னேரத்திலிருந்து, அவவிடம் படித்த ஒருவராலும் கதிரையில் இருக்க முடியாமல் போனது. கொழும்பில் அவ இருந்த வெள்ளவத்தையில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். கொட்டாஞ்சேனையில், ஹற்றனில், ரொறன்ரோவில், மாலைதீவில், நைஜீரியாவின் கானோ பட்டினத்தில், எங்கெங்கே அவவின் பிள்ளைகள் இருந்தார்களோ அங்கெல்லாம் ஒரே நேரத்தில் எழும்பினார்கள், எழும்பினவர்கள் நின்றபடிதான். மொறட்டுவை பஸ்ஸை ஓட்டிக்கொண்டிருந்த ஒருவன் இரத்மலானையில் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடியே நிமிர்ந்துவிட்டான். நல்ல காலம், சிவப்பு லைற் எரிந்துகொண்டிருந்தது. கானோவில் ஒரு நீதவான் நின்றுகொண்டே வழக்கு விசாரித்தார். காலி வீதியில் புடைவைக் கடை வைத்திருக்கும் ஸாலிஹ் நானா காசு மேசைக்குப் பின்னால் நாள் முழுக்க நின்றார்; வாற சனம் தங்களுக்குத்தான் மரியாதை செய்கிறார் என்று நினைத்து ஒரு சீலை எடுக்க வந்த இடத்தில் இரண்டு எடுத்தது. அந்தக் கிழமை முருங்கைக்காய் விலையும் ஏறியது. அதைப் பற்றித்தான் சந்தையில் கூடக் கதைத்தார்கள்.

இது எப்படி வந்தது என்பதில் ஒளிவு மறைவு இல்லை. வந்தது அவவின் மனுசன் நாகேந்திரத்தால். மலர்ச்சாலையில் பெட்டி மூட முன்னம் இரங்கலுரைகள் நடந்தன. எங்கள் ஆட்களின் கையில் மைக் கிடைத்தால் தெரியும்தானே, பேசினவர்களில் பாதிப்பேர் தங்களைப் பற்றித்தான் பேசினார்கள். வெளிநாட்டில் உள்ளவர்கள் பார்க்கட்டும் என்று ஸூமும் போட்டிருந்தது. கடைசியில் மைக்கை நாகேந்திரத்திடம் நீட்டினார்கள். எழுபத்தெட்டு வயதுக்குள் ஒருநாளும் மைக் பிடித்தறியாத மனுசன். "என்ர மனுசியிட்டப் படிச்ச பிள்ளையள் எல்லாரும் ஒருக்கா எழும்புங்கோ, மௌன அஞ்சலி செய்வம்" என்றார். எழும்பினார்கள். அதோடு மைக்கைப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டார். ஐயர் நேரம் போகுது என்று அவசரப்படுத்த, யாரோ கற்பூரம் தேட, பெட்டியைத் தூக்க ஆட்கள் முண்டியடிக்க, எல்லாம் ஒரே அமளி. மௌன அஞ்சலி என்றால் முடிவில் ஒருவர் "நன்றி, இருங்கோ" என்று சொல்ல வேண்டும்; சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. ஒருவரும் சொல்லவில்லை. மற்றச் சனம் தன்பாட்டில் இருந்தது. ரீச்சரின் பிள்ளைகளால் ஏலவில்லை. ஸூம் பார்க்காதவர்கள் ஏன் எழும்பினார்கள் என்று கேட்டதற்கு, வகுப்பில் முன் வாங்குப் பிள்ளைகள் எழும்பினால் பின் வாங்குப் பிள்ளைகளும் எழும்பத்தானே வேணும் என்றார் ஸாலிஹ் நானா.

நாகேந்திரம் இரத்மலானை விமான நிலையத்தின் களஞ்சியத்தில் முப்பது வருஷம் வேலை செய்தவர். அந்த முப்பது வருஷத்திலும் சரி, பிறகும் சரி, ஒரு விமானத்தின் படியில் கால் வைத்தவரில்லை. பயம் என்று ஒருநாளும் சொல்லமாட்டார், தேவையில்லை என்பார். பத்மாவதி நேர் எதிர். சுழிபுரத்தில் பிறந்து, இருபத்திரண்டு வயதில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்துக்குப் புவியியல் ரீச்சராகப் போனதில் தொடங்கியது அவவின் பயணம். கலியாணம் முடித்து நாலாம் வருஷம் நைஜீரியாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு விண்ணப்பித்தா. "நீங்களும் வாங்கோவன்" என்று கேட்டா. "நீர் முதல் போம், அடுத்த வருஷம் பாப்பம்" என்றார் அவர். அந்த அடுத்த வருஷம் வரவேயில்லை. நைஜீரியா முடிந்து ஸம்பியா, ஸம்பியா முடிந்து மாலைதீவு, பிறகு கொழும்புக்கு வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடம். பென்ஷன் எடுத்த பிறகும் அவவின் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. பழைய பிள்ளைகள் ரிக்கற் அனுப்புவார்கள். நோர்வே, கனடா, அவுஸ்திரேலியா என்று போய்வந்தா. நாகேந்திரம் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விடுவார், போய்க் கூட்டிக்கொண்டு வருவார். வரும் வழியில் "அங்க சாப்பாடு எப்பிடி?" என்று ஒரு கேள்வி கேட்பார். அவ பதிலைத் தொடங்கி, அங்கத்தையக் கடல், சனம், காற்று என்று நீட்டினால் றேடியோவில் செய்தியைப் போட்டுவிடுவார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

உலகம் முழுக்க அவவின் பிள்ளைகள் நிற்க, வீட்டில் சாய்மனைக் கதிரையில் கால் நீட்டி இருக்கக்கூடியவராக நாகேந்திரம் மட்டும் இருந்தார். துக்கம் விசாரிக்க வந்த சனம் அதைக் கவனிக்காமல் விடுமா? இத்தனை வருஷம் ஒன்றாகக் குடும்பம் நடத்தி அந்த மனுசியிடம் ஒன்றும் படிக்கவில்லைப் போல என்று படிக்கட்டில் இறங்கும்போது கதைத்தார்கள். அவர் காதில் விழுந்தது. அன்றைக்கு முழுக்க அவர் கதிரைப் பக்கம் போகவில்லை. குசினிக்குள் வேண்டுமென்றே நின்று பார்த்தார். பின்னேரம் முழங்கால் நொந்தது, இருந்தார். சுகமாக இருக்க முடிந்தது. அந்தச் சுகம் அவருக்கு நெருப்பாகச் சுட்டது.

ஆனால் அவரை உண்மையில் உலுப்பியது அந்தக் கதையில்லை, மேல்மாடிச் சுபோதினி. கொட்டாஞ்சேனையில் ரீச்சர் கடைசியாகப் படிப்பித்த வகுப்பில் இருந்தவள். கலியாணம் முடித்து அதே கட்டடத்துக்கு வந்ததிலிருந்து ரீச்சர் வீட்டுப் பிள்ளையாகவே இருந்தாள். ரீச்சருக்குச் சுகமில்லாமல் போன பிறகு ஒருநாள்கூடத் தவறாமல் "அங்கிள், இண்டைக்குப் புட்டும் முட்டைப் பொரியலும்" என்று கொண்டுவந்து வைப்பாள். இரண்டு தரம் வயிற்றில் தங்காமல் போய், மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை இப்போது வயிற்றில் எட்டு மாதம். அவளும் மலர்ச்சாலையில் எழும்பினவள். இரண்டாம் நாள் கால் வீங்கியது. மூன்றாம் நாள் செருப்புக்குள் கால் போகவில்லை. அவளுடைய மனுசன் கஜீவன் கெஞ்சிப் பார்த்தான், தோளைப் பிடித்து அழுத்திப் பார்த்தான், முழங்கால் மடியவில்லை. பிரஷரும் ஏற, களுபோவிலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். வாடகை வானுக்குள் நின்றபடிதான் போனாள். கட்டிலில் கிடத்தினால் உடம்பு கட்டிலின் மேலேயே நிமிர்ந்து எழும்பியது. டொக்டர்மார் நல்ல மனுசர், தங்களால் ஏலுமானதெல்லாம் செய்தார்கள். கடைசியில் கஜீவனைக் கூப்பிட்டு, பிள்ளையை எடுக்க வேண்டும், எடுப்பதற்கு அவள் படுக்க வேண்டும், நாளைக்குப் பின்னேரத்துக்கு மேலே தாயையோ பிள்ளையையோ பற்றித் தாங்கள் ஒன்றும் சொல்ல ஏலாது என்றார்கள். கஜீவன் அதை அப்படியே போனில் நாகேந்திரத்துக்குச் சொன்னான்.

சும்மா இருந்தார் என்று சொல்ல முடியாது. அதற்கு முன்னமே ஸூமைத் திரும்பப் போடச் செய்து, கமராவுக்கு முன்னால் நின்று, "பிள்ளையள், நன்றி, எல்லாரும் இருங்கோ" என்று சொன்னார். ஒருவரும் இருக்கவில்லை. சத்தமாகச் சொன்னார். சிங்களத்தில் சொன்னார், இங்கிலிஷில் சொன்னார். "அங்கிள், நாங்கள் உங்களிட்டப் படிக்கேல்லயே" என்று ரொறன்ரோவிலிருந்து ஒருத்தி அழுதாள். ஐயரைக் கூப்பிட்டுச் சாந்தி செய்வித்தார். ரீச்சரின் குரல் இருந்த வட்ஸப் பதிவுகளையெல்லாம் ஸாலிஹ் நானா தேடி எடுத்துப் போட்டுக் காட்டினார். ஒரு பிளவுஸ் துணியைப் பற்றி அவ பேசியது எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது, ஆனால் ஒருவருக்கும் கால் மடியவில்லை. நாகேந்திரம் ரீச்சரின் படத்துக்கு முன்னால் போய் நின்று, "இஞ்சேரும், உமக்கு என்னில கோவம் எண்டா என்னோட வைச்சுக்கொள்ளும். அந்தப் பிள்ளையை விடும்" என்று வாய்விட்டுச் சண்டை பிடித்தார். விளக்கு ஒழுங்காக எரிந்தது.

மறுநாள் எட்டுச் செலவு; காலையில் அந்த எட்டாம் நாள் படையலுக்குச் சமையல் நடந்துகொண்டிருந்தது. ரீச்சருக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி அடுப்பில். பிள்ளைகள் மாடிப்படி முழுக்க நின்றார்கள், ஒழுங்கையில் நின்றார்கள், கடற்கரைப் பக்கம் றெயில் பாதை வரைக்கும் நின்றார்கள். அந்த நெரிசலுக்குள் கொட்டாஞ்சேனையிலிருந்து மகனோடு வந்து சேர்ந்தார் இராமலெட்சுமி. தலவாக்கலையில் ரீச்சரின் முதல் வகுப்பு. பிறகு தானும் படித்து ஹற்றன் பக்கம் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை வியாதிக் கால், வீங்கிக் கறுத்திருந்தது. உள்ளே வந்ததும் நாகேந்திரத்தைத்தான் கேட்டார்.

"சார், கிளாஸ்ல யாரு இன்னும் வரல?"

நாகேந்திரத்துக்கு விளங்கவில்லை. இராமலெட்சுமி நின்றபடியே விளக்கினார். ரீச்சரின் வகுப்பில் ஒரு ஒழுங்கு இருந்தது. காலையில் அவ வந்ததும் பிள்ளைகள் எழும்புவார்கள். ஒரு பிள்ளை குறைந்தாலும் இருக்கச் சொல்லமாட்டா. பிந்தி வருகிற பிள்ளை கதவில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்க வேண்டும். "நேத்து எங்க போனோம்?" என்று ரீச்சர் கேட்பா. புவியியல் பாடம் அவவுக்குப் பாடமில்லை, பயணம். நைல் நதியைப் படிப்பித்தால் நைலுக்குப் போனோம் என்றுதான் சொல்வா. பிந்தின பிள்ளை முதல் நாள் போன இடத்தையும் பார்த்ததையும் சொல்ல வேண்டும். தெரியாவிட்டால் மற்றப் பிள்ளைகள் எடுத்துக் கொடுக்கலாம். சொல்லி முடித்த பிறகுதான் முழு வகுப்பும் வாங்குகளில் இருக்கும். தலவாக்கலையில் அப்படித்தான் என்றார். அன்றைக்கும் ஸூம் போட்டிருந்தது; பேசுவதையெல்லாம் யாரோ இங்கிலிஷில் சொல்லிக்கொண்டிருக்க, கானோவிலும் அப்படித்தான் என்று நீதவான் தலையாட்டினார்.

"படிச்சவங்க எல்லாரும் வந்துட்டோம் சார். இன்னும் வராதது யாருன்னு எங்களுக்குத் தெரியல. நீங்கதான் சொல்லணும்" என்றார் இராமலெட்சுமி.

சொல்லிவிட்டு அவர் நாகேந்திரத்தின் முகத்தைப் பார்க்காமல் தன் காலைப் பார்த்தார். அது மரியாதை. அப்போது பார்த்து கஜீவனின் போன் வந்தது. வீடியோவில் சுபோதினி ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள், உதடு வெளிறிப்போயிருந்தது. "அங்கிள், எனக்கு ஏலாது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நாகேந்திரம் அந்தப் போனை இராமலெட்சுமியின் கையில் கொடுத்துவிட்டு வெளியே போனார். செருப்புப் போடவில்லை. படிகளில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டி வழிவிட்டார்கள். கீழே ஒழுங்கைக்கு இறங்கி, கேற்றுக்கு வெளியே போய், திரும்பினார். வேலையிலிருந்து வருகிற மனுசன் மாதிரி, இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் பிந்தின பிள்ளை மாதிரியே வேகமாகப் படியேறினார். மூச்சு வாங்கியது. தன்னுடைய வீட்டுக் கதவை, திறந்து கிடந்த கதவை, விரலால் தட்டினார்.

"உள்ளுக்கு வரலாமோ, ரீச்சர்?"

மனுசியை அவர் ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டதுதான் தாமதம், அவருடைய முழங்கால் இரண்டும் நிமிர்ந்து பூட்டுப்பட்டன. ஸாலிஹ் நானா பதறிப்போய்க் கதிரை ஒன்றை இழுத்துப் போட்டார். நாகேந்திரத்தால் இப்போது இருக்க முடியவில்லை. நேற்று எங்கே போனோம் என்ற கேள்வி ஒருவர் காதிலும் விழவில்லை, ஆனால் கேட்டாகிவிட்டது என்று படிக்கட்டில் நின்ற கடைசி ஆள் வரைக்கும் தெரிந்தது.

"கட்டுநாயக்கா" என்றார் நாகேந்திரம். ஒருநாளும் வகுப்புக்கு வராத பிள்ளைக்கு நேற்று என்றால் அவவின் எல்லாப் பயணமும்தான், அவருக்குத் தெரிந்ததோ அது மட்டும். ஒன்றும் நடக்கவில்லை. போனுக்குள் சுபோதினி முனகினாள். "கட்டுநாயக்கா... அங்கயிருந்து... கானோ" என்றார். அடுத்து என்ன? நெற்றி வியர்த்தது. "தூசு" என்று ஸூமில் யாரோ கிசுகிசுத்தார்கள். "ஓம், தூசு. மார்கழியில பாலைவனத்துக் காத்து வரும். வெய்யிலே தெரியாது. சீலைத் தலைப்பால மூக்கைக் கட்டிக்கொண்டு படிப்பிச்சவ." சொன்ன பிறகுதான் அது தனக்குத் தெரியும் என்று அவருக்கே தெரிந்தது. எப்படித் தெரியும்? காரில் வரும்போது அவ சொன்னது. அவர் றேடியோவைப் போட்ட பிறகும் அவ கொஞ்ச நேரம் சொல்லிக்கொண்டுதான் வருவா. இத்தனை வருஷத்தில் கேட்ட செய்தி ஒன்றும் அவருக்கு ஞாபகமில்லை. செய்திக்கு மேலால் கேட்ட அவவின் குரல் இருந்தது. பிறகு நிற்கவில்லை. ஸம்பியாவில் செம்புச் சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகள் பச்சை மாங்காய் கொண்டுவந்து கொடுத்ததும், மாலைதீவில் வகுப்பறைத் தரையே வெள்ளை மணலாக இருந்ததும், நோர்வேயின் வடக்கில் இரவிலும் சூரியன் படுக்காததால் அவ நித்திரையில்லாமல் ஜன்னலுக்கு மூன்று போர்வை கட்டியதும் வந்தன. தடக்கின இடத்தில் படிக்கட்டிலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார், ஒழுங்கையிலிருந்து ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

ஒன்றில் மட்டும், எண்பத்துமூன்று ஆடி மாதத்துக் கானோவில், சொல்லத் தெரியாமல் நின்றுவிட்டார். அந்த மாதம் கலவரத்தில், வெள்ளவத்தையில் அவர்களுடைய வாடகை வீடு எரிந்தது. அவர் பக்கத்துச் சிங்களக் குடும்பத்தின் சாமானறைக்குள் இருந்து தப்பினார். அவ கானோவில். அந்த நேரம் அவ எங்கே போனா, என்ன செய்தா என்று ஒருநாளும் அவர் கேட்டதில்லை. அவவும் சொன்னதில்லை. ஸூமில் நீதவான் கையுயர்த்தினார். இங்கிலிஷில் அவர் மெதுவாகச் சொன்னதை இராமலெட்சுமி தமிழில் சொன்னார்: அந்தத் தவணைச் சோதனைக் கிழமை ரீச்சர் கதிரையில் இருக்கவேயில்லை. நின்றே படிப்பித்தா, ஸ்ராவ் றூமிலும் நின்றா. வகுப்பில் இந்த நீதவான்தான் கதிரையைக் கொண்டுபோய் வைத்து, இருங்கள் ரீச்சர் என்று சொன்ன பிள்ளை. என் கணவரிடமிருந்து தந்தி வரட்டும், பிறகு இருக்கிறேன் என்று சொன்னாவாம்.

நாகேந்திரம் அழுதார். எழுபத்தெட்டு வயது மனுசன், வாசலில் நின்று, மூக்கால் வடிய, எல்லாருக்கும் முன்னால் அழுதார். "தந்தி அடிக்கப் பிந்திப்போனன்" என்றார். "கியூ நீளம் எண்டு திரும்பி வந்திட்டன். அடுத்த நாள்தான் அடிச்சனான்."

வகுப்பு இன்னும் நின்றது. போனில் கஜீவன் யாரையோ உரக்கக் கூப்பிடுகிற சத்தம். கடைசிப் பயணம் மீதி இருந்தது. அதை எடுத்துக் கொடுக்க அங்கே ஒருவருக்கும் தெரியாது, ஏனென்றால் அதில் போனவர்கள் இரண்டு பேர்தான். நாகேந்திரம் சேட்டால் முகத்தைத் துடைத்தார்.

"நேற்று நாங்கள் மரைன் டிரைவுக்குப் போனனாங்கள்" என்றார். "அவ சாக ரெண்டு கிழமைக்கு முன்னம். ஆஸ்பத்திரியால விட்டு வந்த பின்னேரம். ஓட்டோவில. எனக்கு ஏலாது, குளிரும் எண்டு சொன்னன், அவ கேக்கேல்ல. றெயில் பாதையைக் கடக்க என்ர கையைப் பிடிச்சவ. கல்லில இருந்து இறால் வடை திண்டனாங்கள், டொக்டர் வேண்டாம் எண்டது. கப்பல் ஒண்டு போச்சு. அது எங்க போகுது எண்டு நான் கேட்டன். ஒருநாளும் கேட்காத மனுசன் கேட்டிட்டன் எண்டு சிரிச்சா. கப்பல் மறையுமட்டும் சொல்லிக்கொண்டிருந்தா. நான் முழுக்கக் கேட்டனான், ரீச்சர்."

இருக்கச் சொன்னது யார் என்பதில் இன்றைக்கும் ஒருமித்த கருத்து இல்லை. தான் தெளிவாகக் கேட்டதாக ஸாலிஹ் நானா சொல்கிறார். ஒரு சத்தமும் இல்லை என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். மாடிப்படி முழுக்க ஆட்கள் பொத்துப்பொத்தென்று இருந்தார்கள். ஒழுங்கையில் மதிலோரம் இருந்தார்கள், இடமில்லாதவர்கள் தார் றோட்டிலேயே இருந்தார்கள். கானோ நீதவான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு இருந்தார். களுபோவிலையில் சுபோதினியின் கால் மடிந்தது. தாதிமார் தாங்கிப் பிடித்துக் கட்டிலில் கிடத்தினார்கள், உடம்பு திரும்ப நிமிரவில்லை. மத்தியானம் படையல் வைக்கும் நேரம் பெண் பிள்ளை பிறந்தது. கொஞ்சம் நிறை குறைவு, வேறு குறையில்லை.

படையல் முடிந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் நாகேந்திரம் இராமலெட்சுமியிடம் அதைக் கேட்டார். பிந்தி வாறது ஒரு பிள்ளை, அதுக்கு ஏன் முழு வகுப்பையும் நிக்க வைக்கிறவ? இராமலெட்சுமி காலைத் தடவிக்கொண்டு சொன்னார்: "நான்தான் சார் முதல்ல லேட்டா போனவ. தோட்டத்துல மேல்கணக்குன்னு உச்சி மலை, அந்த லயத்து வீட்டிலேருந்து மழையில நடந்து வரணும். எல்லாரும் உக்காந்திருக்க நான் மட்டும் நனைஞ்சுபோய் நின்னா அழுதுருவேன். மறுநாள் போறேன், கிளாஸ் மொத்தமும் நிக்குது. லேட்டா வர்ற புள்ள தனியா நிக்கக் கூடாதுன்னு டீச்சர் சொன்னாங்க."

நாகேந்திரம் சோற்றைப் பிசைந்தார். பிறகு பால்கறி இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார்.

இப்போது கொழும்புக்கு இது பழகிவிட்டது. காலை ஏழரைக்கு நாகேந்திரம் வெளியே போய்க் கதவைச் சாத்தி, தட்டி, உள்ளுக்கு வரலாமோ என்று கேட்கிறார். முதல் நாள் போன இடத்தைச் சொல்கிறார். ஆரம்பத்தில் சந்தை, கோயில், சுபோதினியின் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட இடம் என்று சொன்னார். போன மாதம் தலவாக்கலை சொன்னார். பாஸ்போட்டுக்குப் படமும் எடுத்துவிட்டார். சொல்லி முடிக்கும்வரை அவரால் இருக்க முடிவதில்லை. அந்த நேரத்துக்கு ரீச்சரின் பிள்ளைகளில் யாரோ ஒருவர், எங்கேயோ ஒரு இடத்தில், முறை வைத்தாற்போல் எழும்பி நிற்கிறார். மொறட்டுவை பஸ்ஸில் சீற் இருக்க ஒருவர் எழும்பினால் கொண்டக்டர் ஏன் என்று கேட்பதில்லை, அந்தச் சீற்றில் வேறு ஆட்களை இருத்துவதும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவர் தானாகவே அதில் திரும்ப இருப்பார்.